ஊருக்குள் ஒரு ஃபிலிம் சொசைட்டி: ஆள் சேர்ப்பதிலிருந்து மதிப்பெண் ஏடு வரை

படம் முடிந்து விளக்கு எரிந்த மறுகணமே ஒருவர் எழுந்து “சுத்த மொக்கை” என்று சொல்லிவிட்டால், அதுவரை கண் கலங்கி உட்கார்ந்திருந்தவர்கூட மூக்கைத் துடைத்துக்கொண்டு “ஆமாம், கொஞ்சம் இழுவைதான்” என்பார். சிறிய ஊர்களில் திரைப்படச் சங்கம் தொடங்கி ஆறேழு மாதங்களில் கைவிட்டவர்கள் பணத் தட்டுப்பாட்டையோ இடமில்லாமையையோ காரணமாகச் சொல்வார்கள். நான் பார்த்த வரையில், மூன்று நான்கு பேர் பேச மற்றவர்கள் கேட்டுவிட்டுப் போகும் நிலை வந்ததுதான் பெரும்பாலும் முதற்காரணம். ஆகவே இந்த வழிகாட்டி பதிவு, புரொஜக்டர், திரையிடும் உரிமை என்று எல்லாவற்றையும் சொன்னாலும், அவற்றை ஒரே ஏற்பாட்டைச் சுற்றித்தான் சொல்கிறது: வாய் திறப்பதற்கு முன், படத்துக்கு மதிப்பெண் போடும் சீட்டை ஒவ்வொருவரும் நிரப்பிவிட வேண்டும்.

யாரும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய அமைப்பு அன்று இது. லண்டனில் 1925-இல் ஃபிலிம் சொசைட்டி என்ற பெயரிலேயே ஒரு சங்கம் தொடங்கி, வணிகத் திரையரங்குகள் திரையிடாத படங்களை உறுப்பினர்களுக்குக் காட்டியது. 1947-இல் சத்யஜித் ராயும் சிதானந்த தாஸ்குப்தாவும் நண்பர்களோடு சேர்ந்து கல்கத்தா ஃபிலிம் சொசைட்டியைத் தொடங்கினார்கள். 1959-இல் ராயைத் தலைவராகக் கொண்டு இந்தியத் திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பு உருவானது. 1965-இல் அடூர் கோபாலகிருஷ்ணனும் நண்பர்களும் திருவனந்தபுரத்தில் சித்ரலேகா சங்கத்தை அமைத்தார்கள். 1964-இல் புனேயில் அமைந்த தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்திலிருந்தும் வெளிநாட்டுத் தூதரகங்களிலிருந்தும் 16 மி.மீ. படச்சுருள்கள் பெட்டியில் வந்து சேர்ந்தால்தான் காட்சி என்றிருந்த காலம் அது. இன்று பெட்டிக்காக யாரும் ரயில் நிலையத்தில் காத்திருப்பதில்லை. சேர்ந்து பார்ப்பதும் பார்த்ததைப் பேசுவதும் மட்டுமே சங்கத்தின் வேலையாக எஞ்சியிருப்பதால், அந்த இரண்டையாவது ஒழுங்காகச் செய்தாக வேண்டியிருக்கிறது.

முதல் படி: ஏழு பேர்

தொடங்குவதற்கு ஏழு பேர் போதும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி ஒரு சங்கத்தைப் பதிவு செய்யக் குறைந்தது ஏழு உறுப்பினர்கள் வேண்டும் என்பதால் இந்த எண் பின்னாலும் உதவும். ஆனால் முதல் மாதமே பதிவாளர் அலுவலகத்துக்கு ஓட வேண்டாம். ஆறு காட்சிகள் தவறாமல் நடந்து, அதே முகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன என்று தெரிந்த பிறகு விதிமுறைகள் எழுதிப் பதிவு செய்தால், எழுதும் விதிகளும் நடைமுறைக்கு ஏற்றவையாக இருக்கும். வங்கிக் கணக்கு, கூட்டமைப்பில் சேர்வது, காப்பகத்துக்கோ தயாரிப்பாளருக்கோ முகவரித்தாளில் கடிதம் எழுதுவது ஆகியவற்றுக்குப் பதிவு தேவைப்படும்.

அந்த ஏழு பேரும் ‘சினிமா தெரிந்தவர்களாக’ இருக்க வேண்டியதில்லை. அப்படி இருந்துவிட்டால் ஆபத்துகூட. ஒரு தையற்கடைக்காரர், ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை, ஒரு கல்லூரி மாணவர், இரவுப் பணிக்குப் போகும் ஒரு செவிலியர் என்று கலந்து இருந்தால், உடை எப்படித் தைக்கப்பட்டிருக்கிறது, மருத்துவமனைக் காட்சியில் எது பொய் என்பதையெல்லாம் அவரவர் தொழில் கண்ணோடு பார்த்துச் சொல்வார்கள். ஒரு நடிகரின் ரசிகர் மன்றம் முழுவதுமாக வந்து சேர விரும்பினால், மகிழ்ச்சியோடு வரவேற்று, தனித்தனியாக உட்காரவைப்பது நல்லது.

இரண்டாம் படி: இடமும் கருவியும்

முப்பது பேர் உட்காரக்கூடிய அறை போதும்: நூலகத்தின் வாசிப்பறை, பள்ளி வகுப்பறை, கல்யாண மண்டபத்தின் மாடி எதுவானாலும் சரி. சுமார் எட்டடி அகலத் திரைக்கு, நன்றாக இருட்டடித்த அறையில், 3000 லூமென் ஒளியளவுள்ள புரொஜக்டர் தாராளமாகப் போதும். வெள்ளைத் துணியைக் கட்டினால் மின்விசிறிக் காற்றில் கதாநாயகியின் முகம் அலையும். வெள்ளையடித்த சுவர் அதைவிட மேல். சப்டைட்டில் படத்தின் அடிப்பகுதியில்தான் வரும் என்பதால், திரையின் கீழ்விளிம்பு தரையிலிருந்து நான்கடி உயரத்திலாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்வரிசைக்காரர்கள் முன்வரிசைத் தலைகளைத்தான் வாசிப்பார்கள்.

பலரும் படத்துக்குச் செலவழித்துவிட்டு ஒலியைக் கோட்டை விடுகிறார்கள். லேப்டாப்பின் ஸ்பீக்கர் ஐந்து பேருக்குக்கூடக் காணாது. இரண்டு ஸ்பீக்கர்களைத் திரையின் இருபுறமும், உட்கார்ந்திருப்பவர்களின் காது உயரத்துக்குச் சற்று மேலே வைத்து, ஆட்கள் வந்து மின்விசிறிகள் எல்லாம் சுழலும்போது கேட்குமா என்று பார்க்க வேண்டும். காலி அறையில், விசிறி ஓடாதபோது செய்யும் சோதனையை நம்பி ஏமாந்தவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

காட்சிக்கு இரண்டு நாள் முன்பாக, அன்று பயன்படுத்தப்போகும் அதே லேப்டாப்பில், அதே கோப்பை முழுவதுமாக ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். எங்கள் மூன்றாவது காட்சியில் கடைசிப் பத்து நிமிடங்கள் ஓடவில்லை. பதிவிறக்கம் முழுமையாகாத கோப்பு அது என்பது இருபத்தைந்து பேர் முன்னிலையில்தான் தெரிந்தது. ஃபேட்32 முறையில் அமைந்த பென்டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது என்பதையும் அந்த வாரமேதான் கற்றுக்கொண்டோம். சப்டைட்டில் வசனத்துக்கு முந்தியோ பிந்தியோ வந்தால், விஎல்சி செயலியில் ஜி, ஹெச் ஆகிய விசைகளை அழுத்திச் சரிசெய்யலாம்.

மூன்றாம் படி: படமும் உரிமையும்

வீட்டில் நாம் சந்தா கட்டிப் பார்க்கும் ஓடிடி தளங்கள் பொதுவாகத் தனிப்பட்ட பார்வைக்கு மட்டுமே அனுமதி தருகின்றன. சங்கக் காட்சிக்கு அந்தக் கணக்கைப் பயன்படுத்துவது முறையன்று. இதற்கு மூன்று நேர்வழிகள் உண்டு. முதலாவது, படத்தின் உரிமையாளரிடமே கடிதம் எழுதிக் கேட்பது. குறும்படம், ஆவணப்படம் எடுத்தவர்களும் சிறு முதலீட்டுப் படங்களின் இயக்குநர்களும் பெரும்பாலும் மனமுவந்து தருகிறார்கள், அழைத்தால் பேசவும் வருகிறார்கள். இரண்டாவது, கல்விக்கூடத்தோடு சேர்ந்து நடத்துவது. கல்வி நிறுவனத்தின் நடவடிக்கைகளின் பகுதியாக, பார்வையாளர்கள் அதன் ஆசிரியர்கள், மாணவர்கள், பெற்றோர்கள், அந்த நடவடிக்கைகளோடு தொடர்புடையவர்கள் என்ற அளவில் நின்றால், பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 52ஆம் பிரிவு அதற்கு விலக்கு தருகிறது. ஊராரை எல்லாம் கூட்டிவிட்டு இந்த விலக்கைக் காட்ட முடியாது.

மூன்றாவது, உரிமைக்காலம் முடிந்த பழைய படங்கள். இந்தியச் சட்டப்படி ஒரு திரைப்படத்தின் பதிப்புரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். ஆனால் அதில் அடங்கிய கதை, பாடல் ஆகியவற்றுக்கான உரிமை, எழுதியவர் இறந்து 60 ஆண்டுகள் வரை தனியாக நிற்கக்கூடும். புதுப்பித்து வெளியிட்ட பிரதிக்கும் புதிதாக எழுதிய சப்டைட்டிலுக்கும் வேறு உரிமையாளர் இருக்கக்கூடும். எனவே கணக்குப்படி காலம் முடிந்திருந்தாலும் தயாரிப்பு நிறுவனத்துக்கு ஒரு கடிதம் போட்டுவிடுவது மரியாதையும் பாதுகாப்பும் ஆகும்.

காட்சிக்கு டிக்கெட் விற்கவே கூடாது. உறுப்பினர்களிடம் மாதச் சந்தா வாங்கி, அதில் வாடகையையும் தேநீரையும் முடித்துக்கொள்ள வேண்டும். பொதுமக்கள் யாரும் வரலாம் என்ற அளவுக்குக் காட்சியைத் திறப்பதென்றால், 1955ஆம் ஆண்டின் சினிமா ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் உரிமம் பற்றிய கேள்வி எழும் என்பதால், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

முதல் காட்சிக்கு என்ன படம் என்று கேட்டால், நான் தயங்காமல் சொல்வது எஸ். பாலசந்தர் இயக்கி, ஏவி.எம். தயாரித்து, 1954-இல் வெளியான ‘அந்த நாள்’. பாடலே இல்லாத தமிழ்ப் படம் என்று பெயர்பெற்றது. கதைக்களம் 1943, சென்னைமேல் ஜப்பானியர் குண்டு போட்ட காலம். சிவாஜி கணேசன் நடித்த பாத்திரம் தொடக்கத்திலேயே சுடப்பட்டு இறந்துவிட, விசாரணையில் ஒவ்வொருவரும் தம் பங்குக்கு ஒரு கதையைச் சொல்கிறார்கள். யாரை நம்புவது என்று படமே நம்மிடம் கேட்பதால், படம் முடிந்ததும் பேச்சைத் தொடங்கிவைக்க ஆள் தேடவேண்டியதில்லை. முதல் ஆண்டு முழுவதும் ‘உலகத்தின் தலைசிறந்த பத்து’ என்ற பட்டியல்களைக் கண்ணில் காட்டாமல், இப்படிப் பார்ப்பவர்களை இரண்டு அணியாகப் பிரிக்கக்கூடிய படங்களையே தேடுங்கள். எல்லாரும் ஒருமனதாகப் புகழும் படத்துக்குப் பிறகு பத்து நிமிடத்தில் எல்லாரும் செருப்பைத் தேடத் தொடங்கிவிடுவார்கள்.

நான்காம் படி: காட்சி நாள்

கடைசிப் பேருந்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுவதே சரியான முறை. சுற்றுக் கிராமத்துக்காரர்களும் பெண்களும் தயக்கமின்றி வீடு திரும்ப ஏழரை மணிக்குக் கூட்டம் கலைய வேண்டுமென்றால், இரண்டே கால் மணி நேரப் படத்துக்குப் பின் சீட்டுக்கும் தேநீருக்கும் கால் மணி, பேச்சுக்கு முக்கால் மணி என்று வைத்து, நான்கே கால் மணிக்குப் படம் ஓடத் தொடங்கிவிட வேண்டும். மாதத்தின் ஒரே கிழமை, ஒரே நேரம் என்று நிலையாக வைத்தால் நினைவூட்டல் செய்திகளே தேவைப்படாது.

அறிமுகவுரை மூன்று நிமிடம். வெளியான ஆண்டு, இயக்குநர், ஓடும் நேரம், கவனித்துப் பார்க்கவோ கேட்கவோ ஒரே ஒரு குறிப்பு, அவ்வளவுதான். வாங்கிய விருதுகளைச் சொல்லக் கூடாது. ‘விருதுப் படம்’ என்று கேட்டவர் 2 போட நினைத்தாலும் கை 4-க்குத்தான் போகும்.

ஐந்தாம் படி: சீட்டு

உள்ளங்கை அளவுத் தாளில், ஓரமாக 1 முதல் 5 வரை எண்களும் நடுவில் ஒரு வெற்று வரியும் அச்சிட்டு, வாசலிலேயே கொடுத்துவிட வேண்டும். படம் முடிந்ததும் பேனா தேடாமல், தாம் தரும் எண்ணுக்கு நேராகத் தாளின் ஓரத்தைச் சிறிது கிழித்தால் போதும். திரைப்பட விழாக்களில் பார்வையாளர் விருதுக்கு வாக்கெடுக்கும் பழைய முறை இது. வெற்று வரியில், மனத்தில் தங்கிய ஒரு காட்சியையோ ஓசையையோ மட்டும் எழுத வேண்டும். கருத்து எழுத வேண்டியதில்லை. பெயர் கூடாது. அதற்குப் பதிலாக ஒவ்வொருவரும் தமக்கென்று ஒரு சிறு குறியை, மீனோ குடையோ பூட்டோ எதுவானாலும், வரைந்து அதையே எப்போதும் பயன்படுத்த வேண்டும். யார் குறி எது என்பது அவருக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

பெயரின்றி, பேச்சுக்கு முன் என்ற இரண்டையும் ஏன் இவ்வளவு வற்புறுத்த வேண்டும்? சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1950-களின் தொடக்கத்தில் செய்த புகழ்பெற்ற சோதனையில், கோடுகளின் நீளத்தை ஒப்பிடும் மிக எளிய கேள்விக்கே, கூட இருந்தவர்கள் வேண்டுமென்றே தவறான விடையைச் சொன்னபோது, சோதிக்கப்பட்டவர்களின் விடைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அந்தத் தவறான விடையின் பக்கம் சாய்ந்தது. கண்ணெதிரே தெரியும் கோட்டுக்கே இந்த நிலை என்றால், ரசனை எம்மாத்திரம்?

ஐந்து படிகள் போதும், பத்தோ நூறோ வேண்டாம். 6-க்கும் 7-க்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால் போட்டவராலேயே சொல்ல முடியாது. நூற்றுக்கு என்று வைத்தால் பள்ளிக்கூட நினைவு வந்து, 35-க்குக் கீழே போட்டால் படத்தைத் ‘தோற்கடித்துவிட்டோமே’ என்று பலருக்குக் கை கூசும். மதிப்பெண்ணுக்குப் பொருள் தருவது அதன் சொந்த வரலாறுதான் என்பதற்கு நம் கண்முன்னே உள்ள சான்று ஆனந்த விகடன்: ‘16 வயதினிலே’ படத்துக்கு அது தந்த 62½ மதிப்பெண்ணை இன்றளவும் பெரும்பேறாகப் பேசுகிறோம், கணக்குப் பாடத்தில் அதே மதிப்பெண் வாங்கி வந்த பிள்ளையை யாரும் கொண்டாடியதில்லை. ஆகவே ஒவ்வோர் எண்ணுக்கும் உங்கள் சங்கமே ஒரு சொற்றொடரைத் தீர்மானித்துச் சுவரில் ஒட்ட வேண்டும். எங்களுடையது இது: 5 என்றால் வேறொருவரைக் கையோடு கூட்டிவந்து மறுபடி பார்ப்பேன், 4 என்றால் தனியாக மறுபடி பார்ப்பேன், 3 என்றால் பார்த்ததில் வருத்தமில்லை, 2 என்றால் கடிகாரத்தைப் பலமுறை பார்த்தேன், 1 என்றால் மரியாதைக்காகத்தான் உட்கார்ந்திருந்தேன்.

சீட்டு பெட்டியில் விழுந்த பிறகுதான் தேநீர். தேநீர் வேளையில் படத்தைப் பற்றிப் பேசுவதில்லை என்பது விதி. பாதிப் பேர் மீறுவார்கள், பரவாயில்லை. அதற்குள் இருவர் சீட்டுகளை எண்ணிக் கரும்பலகையில் எழுதிவிட வேண்டும். எழுத வேண்டியது சராசரியை அன்று, பரவலை, அதாவது எந்த எண்ணை எத்தனை பேர் போட்டார்கள் என்பதை. 20 பேர் பார்த்த ஒரு படத்துக்கு 5 போட்டவர் 6, 4 போட்டவர் 7, 3 போட்டவர் 4, 2 போட்டவர் 2, 1 போட்டவர் 1 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 75, சராசரி 3.75. இன்னொரு படத்துக்கு 5 போட்டவர் 12, 4 போட்டவர் 1, 3 போட்டவர் 1, 2 போட்டவர் 2, 1 போட்டவர் 4. இதற்கும் மொத்தம் 75, சராசரி அதே 3.75. முன்னது பலருக்கும் ஓரளவு பிடித்த படம். பின்னது வீட்டுக்கு வீடு சண்டை மூட்டிய படம். சராசரி மட்டும் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடும். மேலும், 12 பேர் மட்டுமே வந்த நாளில் ஒருவர் 5-க்குப் பதில் 1 போட்டாலே சராசரி மூன்றில் ஒரு புள்ளி இறங்கிவிடும் என்பதால், தசமப் புள்ளிகளை வைத்து இந்தப் படம் அந்தப் படத்தைவிட மேல் என்று வாதிடுவது வீண்வேலை.

ஆறாம் படி: பேச்சு

நாற்காலிகளை வட்டமாகத் திருப்பிப் போடுங்கள். இதற்கு ஐந்து நிமிடம் ஆகும், சத்தமும் ஆகும், ஆனாலும் செய்ய வேண்டும். வரிசையில் உட்கார்ந்தால் எல்லாரும் திரைப்பக்கம் நிற்பவரிடமே பேசுவார்கள். நெறியாளர் மாதத்துக்கு ஒருவராக மாற வேண்டும், அன்றைய நெறியாளர் தம் மதிப்பெண்ணைக் கடைசி வரை வெளியிடக் கூடாது.

முதல் சுற்றில் கருத்தே வேண்டாம். ஒவ்வொருவரும் சீட்டில் எழுதிய காட்சியை மட்டும் ஒரு நிமிடத்துக்குள் சொல்லிக்கொண்டே போக வேண்டும். இதில் தவறாகச் சொல்ல எதுவுமில்லை என்பதால் முதல்முறை வந்தவரும் பேசிவிடுவார், ஒருமுறை வாய் திறந்தவர் மறுபடி திறப்பார். ஒரே காட்சியை ஐந்து பேர் சொன்னால் அங்கே ஏதோ இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். இருபது பேரில் ஒருவர் மட்டும் கவனித்த ஒன்றைச் சொல்லும்போது அறை சற்று அமைதியாகும்.

இரண்டாம் சுற்று கரும்பலகையிலிருந்து தொடங்கும். “4 பேர் 1 போட்டிருக்கிறீர்கள், விருப்பமுள்ளவர் யாராவது சொல்லுங்கள்” என்று நெறியாளர் அழைக்க வேண்டும். குறைவாகப் போட்டவர்களை முதலில் பேசவிடுவது முக்கியம். தம்மைப் போல இன்னும் மூன்று பேர் அறையில் இருக்கிறார்கள் என்று பலகையே சொல்லிவிட்டதால் அவருக்குத் துணிவு வரும். அவர் “பிடிக்கவில்லை” என்றால், “எந்த இடத்திலிருந்து பிடிக்காமல் போனது?” என்பதே அடுத்த கேள்வி. “மெதுவாகப் போகிறது” என்றால் எந்தக் காட்சி, அதில் எதை எதிர்பார்த்துக் காத்திருந்தீர்கள் என்று கேட்க வேண்டும். ‘அந்த நாள்’ போன்ற படமென்றால், எந்தச் சாட்சியை நம்பினீர்கள், எந்தக் கணத்தில் நம்பிக்கை போனது, அப்போது திரையில் என்ன இருந்தது என்று கேட்டால், ஒளியும் நிழலும் பின்னணி ஓசையும் தாமாகவே பேச்சுக்குள் வந்துவிடும். அவற்றைப் பற்றித் தனியாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

பாடம் எடுப்பவர் ஒருவர் எல்லாச் சங்கத்திலும் இருப்பார். ஐரோப்பிய இயக்குநர்கள் பத்துப் பேரின் பெயரை ஒரே மூச்சில் சொல்லக்கூடிய அவரைப் பகைத்துக்கொள்ளவும் வேண்டாம், மைக்கைக் கொடுத்துவிடவும் வேண்டாம். எல்லாருக்கும் இரண்டு நிமிடம் என்ற மணல் கடிகாரம் அவருக்கும் உண்டு என்பதோடு, அடுத்த மாத அறிமுகக் குறிப்பை ஒரு பக்கத்தில் எழுதித் தரும் பொறுப்பையும் கொடுத்துவிட்டால் அவர் அறிவு வீணாகாது. சாதி, அரசியல், மதம் பற்றிய பேச்சு வந்தால் தடுக்கக் கூடாது. படத்தில் இல்லாதது போல நடிப்பது பொய். ஆனால் பேசுபவர் எந்தக் காட்சியை வைத்துப் பேசுகிறார் என்பதை ஒவ்வொரு முறையும் கேட்டுவிட்டால், பேச்சு திரையை விட்டுத் தெருவுக்குப் போகாது.

ஏழாம் படி: இரண்டாம் சீட்டும் ஏடும்

கலைவதற்கு ஐந்து நிமிடம் முன்பு வேறு நிறத்தில் இரண்டாவது சீட்டு. அதே குறி, அதே ஐந்து எண்கள். இதில் மாற்றியே ஆக வேண்டும் என்ற கட்டாயமில்லை என்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வீட்டுக்குப் போய்க் குறிகளைப் பொருத்திப் பார்த்து, எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேர் இறங்கினார்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். சராசரி அசையாமலே ஏழு பேர் மாறியிருக்கும் நாள்களும் உண்டு. அத்தகைய நாளில் பேச்சு நன்றாக நடந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். இரண்டாம் சீட்டில் எல்லாரும் ஒரே எண்ணுக்கு வந்து சேர்ந்திருந்தால் நான் கவலைப்படுவேன். அன்று யாரோ ஒருவர் அறையைத் தம் பக்கம் இழுத்திருக்கிறார், அடுத்த முறை நெறியாளர் விழிப்பாக இருக்க வேண்டும்.

ஏட்டில் ஒரு படத்துக்கு ஒரு பக்கம் போதும்: தேதி, படம், வந்தவர் எண்ணிக்கை, முதல் சீட்டின் பரவல் ஐந்து எண்களாக, இரண்டாம் சீட்டின் பரவல், மாறியவர் கணக்கு, அதிகம் பேர் சொன்ன காட்சி, ஒருவர் மட்டும் சொன்ன காட்சி. எப்போதும் 5 போடும் குறியும் 3-க்கு மேல் ஏறாத குறியும் சில மாதங்களில் தெரிந்துவிடும். பூட்டுக் குறிக்காரர் 4 போட்டால் அது மற்றவர்களின் 5-க்கு மேல் என்று ஏட்டை வைத்திருப்பவருக்குப் புரியும், ஆனால் அதை வெளியே சொல்லக் கூடாது. அந்தந்த மாதச் சீட்டுகளை உறையில் போட்டு ஒட்டி, மேலே படத்தின் பெயரெழுதி அடுக்கிவிடுங்கள்.

ஆண்டு இறுதியில் முதல் பத்துப் படங்கள் என்ற பட்டியல் போடுவதற்குப் பதிலாக, முதல் சீட்டில் அறையை அதிகமாகப் பிளந்த படம் எது என்று ஏட்டில் பார்த்து, டிசம்பரில் அதையே மறுபடி திரையிடலாம். அன்று பழைய உறையை மேசைமேல் எல்லாரும் பார்க்கும்படி வைத்துவிட்டு, படம் முடிந்து புதுச் சீட்டுகளும் பெட்டிக்குள் விழுந்த பிறகுதான் பிரிக்க வேண்டும். அவரவர் தம் மீனையும் குடையையும் தேடி எடுத்து, தாமே எழுதிய வரியைப் படித்துக்கொண்டிருக்கும்போது தேநீரைக் கொண்டுவரலாம்.